கொச்சி சீன வலை: ஒரு பகல், மூன்று லென்ஸ், கொஞ்சம் உப்பு

ஃபோர்ட் கொச்சியின் சீன வலைகளை, அதாவது கரையில் நின்றபடியே மரச்சட்டத்தோடு தண்ணீரில் இறக்கி ஏற்றும் பெரிய மீன்பிடி வலைகளை, சூரியனுக்கு எதிரே நிழலுருவமாக எடுத்த படங்களுக்குப் பஞ்சமில்லை. பெரும்பாலானவற்றில் வலை சும்மா தொங்கிக்கொண்டிருக்கும். இந்த நாளின் இலக்கு அதைவிடக் கொஞ்சம் கடினமானது: வலை தண்ணீரை விட்டு மேலே வர வேண்டும், விளிம்பிலிருந்து நீர் சொட்ட வேண்டும், கயிற்றை இழுப்பவர்கள் பின்னால் சாய்ந்திருக்க வேண்டும், சூரியன் அந்த மரச்சட்டத்துக்குள் இருக்க வேண்டும். நான்கும் ஒரே ஃப்ரேமில். கடைசியில் கிடைத்தது. அதற்கு முன்னும் பின்னும் இருந்த நேரத்தை ஊரும் மட்டாஞ்சேரியும் வண்ணார் துறையும் எடுத்துக்கொண்டன. நடந்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

நாள் பார்ப்பது

சென்னை, புதுச்சேரி, நாகப்பட்டினம் என்று கிழக்குக் கரையில் கேமராவோடு அலைந்தவர்களுக்குக் கடல் என்றாலே விடியற்காலை. கொச்சியில் இது தலைகீழ். காலைச் சூரியன் எர்ணாகுளம் பக்கமிருந்து காயலுக்கு மேலே ஏறும்; கடலில் இறங்குவது மாலையில். ஆகவே காலையில் வலைமீது பக்க வெளிச்சம், மாலையில் எதிர் வெளிச்சம்.

அடுத்தது மாதம். வடக்கை 0 என்று வைத்து வலமாக எண்ணினால் (நேர் மேற்கு 270) கொச்சியில் சூரியன் மறையும் திசை டிசம்பர் கடைசியில் சுமார் 246 டிகிரி, மார்ச், செப்டம்பர் மாதங்களின் மூன்றாவது வாரத்தில் 270, ஜூன் கடைசியில் 294. வாஸ்கோ ஸ்கொயர் பக்கத்து வலைகள் வடக்கே கழிமுகத்தைப் பார்த்து நிற்பவை. கரையோர நடைபாதையில் நின்று மேற்கே பார்த்தால் அவை வலக்கைப் பக்கம் தண்ணீருக்குள் நீட்டிக்கொண்டிருக்கும். டிசம்பரில் சூரியன் இடப்பக்கம் சாய்ந்து கரைமேல் போய்விடுகிறது; அப்போது நிற்கும் இடத்தையே மாற்றி, கடற்கரைப் பக்கம் தள்ளிப்போக வேண்டும். ஜூனில் திசை அருமை, ஆனால் தென்மேற்குப் பருவமழை. மழை ஓய்ந்த மாதங்களில் ஆகாயத்தாமரை மொத்தை மொத்தையாகக் காயலிலிருந்து மிதந்து வந்து வலையடியில் அடைத்துக்கொள்ளும். எல்லாவற்றையும் கூட்டிக் கழித்தால் பிப்ரவரி கடைசியிலிருந்து மார்ச் நடுவரைதான் வசதி. மார்ச் முதல் வாரத்தில் உதயம் 6:38, மறைவு 6:36 அளவில்; மறையும் திசை 263 டிகிரி.

வார நாளாக இருக்க வேண்டும். சனி, ஞாயிறு மாலைகளில் நடைபாதையில் ட்ரைபாடின் மூன்று காலையும் விரிக்க இடம் கிடைக்காது. டிசம்பர் 31 திருவிழாக் கூட்டத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

கடல் ஓதம் (நீர்மட்டத்தின் ஏற்ற இறக்கம்) பார்ப்பதும் அவசியம், ஆனால் கடல் ஏறுமா இறங்குமா என்பதற்காக அல்ல. கொச்சியில் ஏற்ற இறக்கம் மிஞ்சிப்போனால் ஒரு மீட்டர். ஒவ்வொரு சீன வலைக்கும் அது இறங்கி ஏறக்கூடிய ஆழம் இவ்வளவு என்று ஒரு வரம்பு உண்டு. ஓதத்தின் ஒரு நிலையில் இந்த வலை ஓடும், இன்னொரு நிலையில் பக்கத்து வலை ஓடும். காலையில் இயங்கிக்கொண்டிருந்த வலையை மனதில் வைத்துக்கொண்டு மாலையில் அதே இடத்தில் போய் நின்றால், அது சும்மா தொங்கிக்கொண்டிருக்க நல்ல வாய்ப்பு இருக்கிறது. ஓத அட்டவணையில் மறைவு நேரத்துக்கான நீர்மட்டத்தைக் குறித்துக்கொண்டு, அதே மட்டம் பகலில் எப்போது வருகிறது என்று பார்த்து, அந்த நேரத்தில் எந்த வலை வேலை செய்கிறது என்று ஒரு நடை போய்ப் பார்ப்பது உத்தமம்.

பையில் என்ன

ஏபிஎஸ்-சி (நடுத்தர அளவு சென்சார்) கேமரா ஒன்று. 16-50, 70-300 ஜூம்கள், 35 மி.மீ. எஃப் 1.8. இரண்டு பேட்டரி, 64 ஜிபி கார்டு இரண்டு. வெளிச்சத்தைக் குறைக்கும் ஆறு ஸ்டாப் என்டி ஃபில்டர் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் பாதியாகும்), பளபளப்பைக் குறைக்கும் போலரைசர். ஒன்றேகால் கிலோ எடையுள்ள ட்ரைபாட். காற்று ஊதும் ரப்பர் பம்ப், நான்கு மைக்ரோஃபைபர் துணி, ஜிப் வைத்த பெரிய பிளாஸ்டிக் கவர் மூன்று, ஒரு பழைய காட்டன் கைத்துண்டு. எல்லாம் சேர்த்து நாலு கிலோவுக்குள். பத்து ஸ்டாப் என்டியை வீட்டிலேயே விட்டுவிடலாம். வலையும் படகும் அசைந்துகொண்டே இருக்கிற இடத்தில் இரண்டு நிமிட எக்ஸ்போஷர் போட்டால் தண்ணீர் பாலாகும், வலை புகையாகும்.

ட்ரோனை எடுத்துப் போகவே வேண்டாம். தெற்குக் கடற்படைத் தலைமையகம் இருக்கிற ஊர்.

ஏசி அறையும் மூடுபனி பிடித்த லென்ஸும்

முதல் நாள் இரவே ஃபோர்ட் கொச்சியில் தங்குவதுதான் சரி. கோவையிலிருந்து சாலை வழி ஏறக்குறைய 190 கிலோமீட்டர். காலையில் கிளம்பினால் விடியல் பாலக்காட்டைத் தாண்டும்போதே முடிந்திருக்கும். எர்ணாகுளத்தில் தங்கினாலும் விடியலுக்கு முன் தண்ணீரைத் தாண்டி வர வேண்டும்.

தங்கும் அறையில் ஒரு பொறி இருக்கிறது. ஏசியில் இரவெல்லாம் 22, 23 டிகிரியில் கிடந்த லென்ஸை, ஈரம் சொட்டும் 26 டிகிரிக் காற்றில் திடீரென்று எடுத்தால் முன்கண்ணாடி வெளுத்துவிடும். துடைத்தால் மறுபடி படியும். கேமராவுக்குள் சென்சார் மீதும் படியும் என்பதால் அந்த நேரத்தில் லென்ஸ் மாற்றவே கூடாது. கண்ணாடி தானாக வெதுவெதுப்பாகிற வரை இருபது, முப்பது நிமிடம் காத்திருப்பதைத் தவிர வழியில்லை. அதற்குள் நீல நேரம், அதாவது உதயத்துக்குச் சற்று முன் வானம் நீலமாக இருக்கும் நேரம், போய்விடும்.

செய்ய வேண்டியது: இரவு படுக்கும் முன் கேமராவையும் லென்ஸ்களையும் தனித்தனி ஜிப் கவரில் போட்டு, காற்றை வெளியேற்றி மூட வேண்டும். விடியற்காலை ஐந்து மணிக்கு அலாரம் அடித்ததும் கவரைத் திறக்காமல் ஏசி இல்லாத வராந்தாவில் வைக்க வேண்டும். ஈரம் கவருக்கு வெளியே படியும், உள்ளே வராது. 5:45க்குக் கவரைப் பிரித்தால் லென்ஸ் வறண்டிருக்கும். ஏசியைப் போடாமல் படுப்பது இன்னும் எளிது. மார்ச் மாதக் கொச்சியில் அது எல்லோராலும் முடியாது.

விடியல்

6:10க்கு வலையருகே. வெளிச்சம் இன்னும் நீலம். சென்சாரின் உணர்திறன் ஐஎஸ்ஓ 100, லென்ஸின் துவாரம் எஃப் 8, எக்ஸ்போஷர் எட்டு வினாடி. தண்ணீர் வழவழவென்று வந்தது; வலை கலங்கியிருந்தது. காற்று அவ்வளவாக இல்லாத நேரத்திலும் தொங்கும் வலை தானாக ஆடும். ஐஎஸ்ஓவை 1600க்கு ஏற்றி எஃப் 4 வைத்தால் 1/8 வினாடி கிடைக்கும். அப்போதும் கண்ணிகள் தெளியவில்லை. மரச்சட்டம் கூர்மை, வலை மென்மை என்று ஒப்புக்கொண்டு எடுக்கலாம். அல்லது பத்து நிமிடம் கழித்து வெளிச்சம் ஏறியதும் 1/60 வினாடியில் எடுக்கலாம். இரண்டாவதுதான் பிடித்திருந்தது.

ட்ரைபாடை வலையின் மரமேடைமேல் வைக்காதீர்கள். யாராவது ஒருவர் ஒரு அடி எடுத்து வைத்தாலே மேடை முழுவதும் அதிரும். கல் பாவிய நடைபாதையில், நடுத்தண்டை உயர்த்தாமல், பையை அதன் கொக்கியில் மாட்டித் தரையைத் தொடும்படி தொங்கவிட வேண்டும். பை அந்தரத்தில் ஆடினால் அதுவே அதிர்வைக் கொண்டுவரும்.

சூரியன் வெளியே வந்ததும் வலப்பக்கமிருந்து வெளிச்சம் விழும். தேக்குக் கம்பங்களின் வெடிப்பு, கயிற்றின் முறுக்கு, எடைக்கல்லில் காய்ந்த உப்பு எல்லாம் இந்த இருபது நிமிடத்தில் தெரிவதுபோல் வேறு எப்போதும் தெரிவதில்லை. 70-300ஐ மாட்டிக்கொண்டு முழு வலையை மறந்துவிட்டுத் துண்டு துண்டாக எடுக்கும் நேரம் இது.

மேடைமேல் ஏறி இழுக்கச் சொல்லி வலைக்காரர்கள் கூப்பிடுவார்கள். ஏறலாம். இறங்கும்போது பணம் கேட்பார்கள், அது அவர்கள் பிழைப்பின் ஒரு பகுதி. ஏறும் முன்பே “சேட்டா, எத்தனை?” என்று கேட்டு முடித்துவிட்டால் சங்கடமில்லை. ஒருவருக்கு நூறு ரூபாய் என்று வைத்துக்கொண்டால் தகராறு வராது. காலையில் இப்படி ஆன பழக்கம் மாலையில் பயன்பட்டதைப் பின்னால் சொல்கிறேன்.

ரோ-ரோவிலிருந்து

ஃபோர்ட் கொச்சிக்கும் எதிர்க்கரையிலுள்ள வைப்பினுக்கும் நடுவே வண்டிகளை ஏற்றிக்கொண்டு ஓடும் ரோ-ரோ படகில் ஆள் கட்டணம் பத்து ரூபாய்கூட இல்லை. இதைவிட மலிவான படமெடுக்கும் மேடை ஊரில் கிடையாது. கரையிலிருந்து வலையின் முதுகுதான் தெரியும். தண்ணீரிலிருந்து பார்த்தால் முகம்.

இங்கே ஒரு கணக்கு. வலை விரிந்த அகலம் சுமார் இருபது மீட்டர். ஏபிஎஸ்-சி சென்சாரின் அகலம் 23.5 மி.மீ. நடைபாதையில் 25 மீட்டர் தள்ளி நின்றால் முழு வலைக்கு 29 மி.மீ. லென்ஸ் போதும். 200 மி.மீ. லென்ஸில் முழு வலை அடங்க 170 மீட்டர் விலக வேண்டும். அவ்வளவு தூரம் தண்ணீரில்தான் கிடைக்கும். 200இல் எடுத்தால் பின்னாலுள்ள மரங்களும் கட்டடங்களும் வலையோடு ஒட்டிக்கொண்டு வரும்; நகரத்தின் ஓரத்தில் வலை நிற்கிறது என்பது அதில்தான் புரியும்.

படகின் கைப்பிடிக் கம்பியில் முழங்கையை ஊன்றினால் என்ஜின் அதிர்வு நேராக லென்ஸுக்கு வரும். முதலில் எடுத்தவற்றில் பாதி அப்படிப் போயின. ஒன்றிலும் சாயாமல், முழங்கால்களை லேசாக மடக்கி, 1/800 வினாடிக்குக் குறையாமல் எடுத்தால் பிரச்சினையில்லை. காலை ஏழிலிருந்து எட்டரைக்குள் போக வேண்டும். அப்போது தெற்கே பார்க்கும் கேமராவுக்கு வெளிச்சம் இடப்பக்கமிருந்து வரும். ஒன்பதுக்கு மேல் தண்ணீரின் பளபளப்பில் எல்லாம் வெளிறிவிடும். ஒரு கப்பல் குறுக்கே போனால் அதிர்ஷ்டம். பெரிய சரக்குக் கப்பல்கள் இந்தக் கழிமுகம் வழியாகத்தான் துறைமுகத்துக்குள் வரும். கப்பல் நடமாட்டம் காட்டும் செயலியைப் பார்த்துக்கொண்டால் அதிர்ஷ்டத்தை நம்ப வேண்டாம்.

தார்ப்பாய் நீலம்

வலையோர மீன் கடைகளில் நீலத் தார்ப்பாய் போட்ட கடைக்குக் கீழே எடுத்த படங்களில் மீன், கை, முகம் எல்லாம் நீலம். ஆட்டோ வொயிட் பேலன்ஸ் (கேமரா தானாக நிறத்தைச் சமன் செய்வது) இதைப் பாதிதான் சரிசெய்யும், அதுவும் ஃப்ரேமுக்கு ஃப்ரேம் வெவ்வேறாக. தார்ப்பாய்க்குள் ஒரு வெள்ளை டிஷ்யூ தாளைப் பிடித்து அதைவைத்து கஸ்டம் பேலன்ஸ் எடுத்துக்கொண்டால் முகங்கள் சரியாகும். வெளியே வெயிலில் இருப்பவை மஞ்சளாகப் போகும். தார்ப்பாய் ஓரத்தில், பாதி வெளி வெளிச்சம் விழுகிற தட்டுகளை மட்டும் எடுப்பதுதான் நல்ல தீர்வு. கணினியில் சரிசெய்துகொள்ளலாம் என்று விட்டவை எதுவும் சரியாக வரவில்லை.

ஊருக்குள்

பிரின்சஸ் தெரு, பர்கர் தெரு, பரேடு மைதானம். ஒன்பதிலிருந்து பத்தரைவரை. பழைய சுவர்களை நேராக எடுக்க கேமராவை மேலே அண்ணாத்தாமல் மட்டமாகப் பிடித்து, கீழே தெருவைக் கூடுதலாக விட்டு எடுத்து, பின்னர் வெட்டுவது நல்லது. அண்ணாத்திவிட்டுக் கணினியில் நிமிர்த்தினால் ஓரங்கள் இழுபடும், ஃப்ரேமில் ஐந்தில் ஒரு பங்கு போய்விடும். பெரிய தூங்குமூஞ்சி மரங்களின் அடியில் திட்டுத் திட்டான வெயிலை மூடிமறைக்க முடியாது. அங்கே சுவரைவிட நிழலையே பொருளாக வைத்துக்கொள்ளலாம்.

செயின்ட் பிரான்சிஸ் தேவாலயம் 1503இல் போர்ச்சுக்கீசியர் மரத்தில் கட்டித் தொடங்கியது. 1524இல் வாஸ்கோ ட காமாவை இங்கேதான் புதைத்தார்கள். 1539இல் எச்சங்கள் போர்ச்சுகலுக்குப் போய்விட்டன. கல்லறை இருந்த இடம் கம்பித் தடுப்புக்குள் இருக்கிறது. படத்துக்கு அதைவிட நல்லது மேலே வரிசையாகத் தொங்கும் துணி விசிறிகள். கயிறு சுவர் வழியாக வெளியே போகும், வெளியிலிருந்து ஆள் இழுப்பாராம். தொல்லியல் துறை இடம், ட்ரைபாட் கிடையாது. 35 மி.மீ., எஃப் 2.8, ஐஎஸ்ஓ 1600, 1/60 வினாடி. பெஞ்சின் முதுகில் கேமராவை அழுத்தி வைத்து எடுத்தேன். சாந்தா குரூஸ் பசிலிக்கா (இப்போதைய கட்டடம் 1905இல் புனிதப்படுத்தப்பட்டது) வண்ணம் நிறைந்தது, கூட்டமும் நிறைந்தது. சீக்கிரம் வெளியே வந்துவிட்டேன்.

உச்சி வெயிலில்

மார்ச் முதல் வாரத்தில் கொச்சியில் உச்சிச் சூரியன் 73 டிகிரி உயரத்தில். ஏப்ரல் நடுவிலும் ஆகஸ்ட் கடைசியிலும் நேர் தலைக்கு மேல். பதினொன்றிலிருந்து மூன்றரைவரை திறந்த வெளியில் எடுக்கும் எதுவும் கண்குழி கறுத்துத்தான் வரும். இந்த நேரத்தைக் கூரைக்கும் துணிக்கும் கீழே கழிக்க வேண்டும்.

மட்டாஞ்சேரி பஜார் சாலைக் கிடங்குகள் ஒரு வழி. கதவோரம் நின்று, உள்ளே வரும் வெளிச்சத்தில் சுக்கு மூட்டை, எடைத்தராசு, சுமை தூக்குபவரின் தோள் இவற்றை எடுக்கலாம். ஐஎஸ்ஓ 1600, எஃப் 2, 1/200. கதவுக்கு வெளியே இருக்கும் தெருவை ஃப்ரேமில் சேர்க்கக் கூடாது; சேர்த்தால் ஒன்று வெளுக்கும், இல்லை உள்ளே கறுக்கும். பரதேசி யூதக் கோயில் 1568ஆம் ஆண்டைச் சேர்ந்தது. உள்ளே படமெடுக்க விடுவதில்லை, சனிக்கிழமை மூடல். தெருவிலிருந்து மணிக்கூண்டோடு எடுத்தால் போதும்.

இந்த நேரத்துக்கென்றே அமைந்த இடம், ஃபோர்ட் கொச்சியில் வேலி என்ற பகுதியிலுள்ள தோபி கானா, அதாவது வண்ணார் துறை. இங்கே வேலை செய்பவர்கள் தமிழ் வண்ணார் சமூகத்தினர். டச்சுக்காரர் காலத்தில் படைச் சீருடை வெளுக்கத் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்களின் வழி என்று சொல்கிறார்கள். தமிழிலேயே பேசலாம். “அண்ணே, எடுத்துக்கலாமா?” என்று கேட்டுவிட்டு, ஐந்து நிமிடம் கேமராவை வெளியே எடுக்காமல் நின்றால் போதும், அவர்கள் வேலைக்குத் திரும்பிவிடுவார்கள். துணி அடித்துத் துவைப்பதை எடுக்க வேண்டுமானால் காலையில் வர வேண்டும். உச்சிப் பொழுதில் கிடைப்பது காய்கிற துணிகளும், கொட்டகையில் இஸ்திரியும்.

வரிசை வரிசையாகக் காயும் வெள்ளைப் படுக்கை விரிப்புகளுக்கு நடுவே நுழைந்துவிட்டால், வெளியே கொல்லும் அதே வெயில் உள்ளே இரண்டு பக்கமும் துணியில் பட்டுத் திரும்பி மென்மையாகிவிடுகிறது. ஸ்டூடியோவில் ஆயிரக்கணக்கில் செலவழித்துக் கட்டும் வெளிச்சம். முகங்களுக்கு இந்த ஊரில் பகல் பன்னிரண்டு மணிக்கு வேறு இடமில்லை. கேமரா மீட்டர் வெள்ளையைச் சாம்பலாக்கப் பார்க்கும். ஒன்று முதல் ஒன்றேகால் ஸ்டாப் கூட்ட வேண்டும். முதலில் ஒன்றரை கூட்டியதில் துணியின் மடிப்பே தெரியாமல் வெளுத்தது. ஹிஸ்டோகிராம் (திரையில் வெளிச்சப் பரவலைக் காட்டும் வரைபடம்) வலது ஓரத்தைத் தொடாமல் கொஞ்சம் இடம் விட்டு நின்றால் சரி.

கிட்டத்தில் போய்ப் பார்க்க வேண்டியது கொடிக்கயிறு. இரண்டு தேங்காய் நார்க் கயிறுகளை முறுக்கிக் கட்டியிருப்பார்கள். துணியின் முனையை அந்த முறுக்குக்குள் செருகிவிட்டால் கிளிப்பே வேண்டாம், கடற்காற்றிலும் பறக்காது. 70-300இன் 200 மி.மீ., எஃப் 5.6இல், செருகிய முனை மட்டும் ஃபோகஸில் இருக்க, பின்னால் வெள்ளை கரைந்துவிடும். கொட்டகைக்குள் சிரட்டைக்கரி போட்ட இஸ்திரிப் பெட்டிகள். பெட்டியின் ஓட்டைகளில் தணல் சிவப்பாகத் தெரிய வேண்டுமானால் பின்னணி கறுத்திருக்க வேண்டும். கதவுக்கு முதுகு காட்டி, ஒரு ஸ்டாப் குறைத்து எடுத்தால் தெரியும்.

மாலை, வலையடியில்

4:30க்குத் திரும்பினேன். நாளின் முக்கியமான கட்டம் இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாக.

வலை இயங்கும் முறை தெரியாமல் எதை எப்போது அழுத்துவது என்று தெரியாது. ஒரு நீண்ட தேக்குக் கம்பம் தராசுத்தண்டு மாதிரி ஆடும். தண்ணீர்ப் பக்கம் வலை. கரைப் பக்கம் கயிறுகளில் கட்டிய பாறாங்கற்கள். ஒருவர் கம்பத்தின்மேல் நடந்து போனால் அவர் எடையிலேயே வலை இறங்கும். சில நிமிடம் தண்ணீருக்குள். பிறகு ஐந்தாறு பேர் கயிற்றைப் பிடித்து இழுப்பார்கள். கற்கள் இறங்க இறங்க ஒவ்வொன்றாக மேடையில் உட்காரும். எடை தேவைக்கேற்பக் குறைந்து தண்டு நிலைகுலையாமல் இருக்கும். வலையின் விளிம்பு தண்ணீரை விட்டு வெளியே வந்து, நீர் இழை இழையாகச் சொட்டுவது ஆறேழு வினாடி. அவ்வளவுதான். பிறகு நடுவில் சில மீன் துள்ளும், கைவலையால் அள்ளுவார்கள்.

இப்போது சூரியன். நிலநடுக்கோட்டுக்கு வடக்கே பத்தாம் பாகையில் இருக்கும் கொச்சியில் அது ஏறக்குறைய செங்குத்தாக இறங்கும்: நான்கு நிமிடத்துக்கு ஒரு டிகிரி. தொடுவானத்தைத் தொட்டு முழுசாக மறைய இரண்டு நிமிடத்துக்குச் சற்று மேல். ஐரோப்பியர் எழுதிய குறிப்புகளில் வரும் ஒரு மணி நேரப் பொன்வெயில் இங்கே கிடையாது. சூரியன் சட்டத்துக்குள் அழகான உயரத்தில் இருப்பது பதினைந்து நிமிடம். ஒரு முறை இறங்கி ஏற ஐந்தாறு நிமிடம் என்றால் அந்தப் பதினைந்தில் வலை இரண்டு முறை, அதிகம் போனால் மூன்று முறை ஏறும்.

அதனால் ஐந்து மணியிலிருந்தே செல்போனில் நேரம் குறித்தேன். எந்த வலை ஓடுகிறது, இறங்கியதிலிருந்து எத்தனை நிமிடத்தில் ஏறுகிறது. மீன் விழாவிட்டால் இடைவெளி நீளும். காலையில் பழக்கமான வலைக்காரர் ஒருவர் அடுத்து எப்போது இழுப்பார்கள் என்று கைவிரலால் காட்டிக்கொண்டிருந்தார். பணம் கொடுத்து இழுக்கச் சொல்லவும் முடியும். ஆனால் சுற்றுலாக்காரருக்காக இழுக்கும்போது உடம்பில் அந்தப் பாரம் வராது, படத்தில் தெரிந்துவிடும்.

நிற்கும் இடத்தில்தான் அதிக நேரம் போனது. வலைகள் பக்கத்தில் பக்கத்தில் இருப்பதால் ஒன்றின் கம்பம் இன்னொன்றின்மேல் ஏறி, நிழலுருவத்தில் எல்லாம் சேர்ந்து ஒரே புதராகிவிடும். 18 மி.மீ.யில் எடுத்தவை எல்லாம் இந்தக் கதிதான். அதோடு சூரியன் ஒரு புள்ளி. சென்சாரில் சூரியனின் விட்டம், லென்ஸின் மி.மீ.யை 110ஆல் வகுத்தால் வரும். 18இல் 0.16 மி.மீ., 300இல் 2.7 மி.மீ. சென்சார் உயரம் 15.6 மி.மீ. என்பதால் 300இல் சூரியன் ஃப்ரேம் உயரத்தில் ஆறில் ஒரு பங்கு. ஆனால் 300இல் முழு வலை அடங்க 250 மீட்டர் விலக வேண்டும். நடைபாதையில் கிழக்கே எவ்வளவு போனாலும் நடுவில் வேறு வலைகள் மறைக்கின்றன. இரண்டுக்கும் நடுவாக, சுமார் எழுபது மீட்டர் தள்ளி 80 மி.மீ. என்று முடிவானது. சூரியன் 0.7 மி.மீ.: சிறியது, ஆனால் உருண்டை தெரியும். அங்கிருந்து இடமும் வலமும் நகர்ந்து பார்த்ததில், ஓடும் வலையின் கம்பத்துக்கும் அடுத்த வலையின் கயிற்றுக்கும் நடுவே இடைவெளி விழும் இடம் ஒன்றரை அடி அகலம்தான் இருந்தது. அங்கே செருப்பைக் கழற்றி அடையாளம் வைத்தேன். நடைபாதையில் ஆள் வந்துகொண்டே இருப்பார்கள். இடத்தை விட்டால் திரும்பக் கிடைக்காது.

செட்டிங்: சூரியனுக்குப் பக்கத்து வானத்தை ஸ்பாட் மீட்டரில் (ஒரு சிறு புள்ளியின் வெளிச்சத்தை மட்டும் அளப்பது) அளந்து மேனுவலில் பூட்டியது. மறைவுக்கு அரை மணி முன் ஐஎஸ்ஓ 200, எஃப் 8, 1/500. கடைசிப் பத்துப் பதினைந்து நிமிடத்தில் ஐஎஸ்ஓ 400, எஃப் 5.6, 1/1000. சொட்டும் நீர் தனித்தனித் துளியாக நிற்க 1/800க்குக் குறையக் கூடாது. 1/250இல் இழையாக நீள்கிறது, அதுவும் கெட்டதில்லை. வொயிட் பேலன்ஸ் 5600 கெல்வினில் நிலையாக. ஃபோகஸ் ஆட்டோவில் விட்டால் சூரியனின் கூச்சத்தில் தடுமாறுகிறது. கம்பத்தின் விளிம்பில் ஒருமுறை பிடித்து மேனுவலுக்கு மாற்றிவிட வேண்டும். போலரைசரும் யூவி ஃபில்டரும் கழற்றியாக வேண்டும். சூரியனுக்கு நேரே ஒவ்வொரு கூடுதல் கண்ணாடியும் பச்சைப் புள்ளியாகத் திரும்பி வரும். உப்புப் படலம் படிந்த முன்கண்ணாடி சூரியனைச் சுற்றி ஒரு கலங்கிய வட்டம் போடும். ஒவ்வொரு ஏற்றத்துக்கு முன்பும் துணியால் ஒத்தியெடுக்க வேண்டும், தேய்க்கக் கூடாது. வியூஃபைண்டர் ஒளியியல் வகையாக இருந்தால் சூரியனைக் கண்ணால் பார்க்காதீர்கள், திரையில் பாருங்கள்.

முதல் ஏற்றத்தில் வினாடிக்குப் பத்து என்று அழுத்திப் பிடித்ததில் பஃபர் (கேமராவின் தற்காலிக நினைவகம்) நிரம்பி, விளிம்பு வெளியே வந்த நேரத்தில் கேமரா திணறியது. இரண்டாவது ஏற்றத்தில் கற்கள் மேடையில் உட்காரும் சத்தத்தைக் காதால் கேட்டு, மூன்று மூன்றாக அழுத்தியதில் கிடைத்தது: விளிம்பு முழுதும் வெளியே, ஐந்து பேரும் பின்னால் சாய்ந்து, சூரியன் சட்டத்தின் கீழ்க்கோணத்தில். மூன்றாவது ஏற்றத்துக்குள் சூரியன் மூட்டத்தில் கரைந்துவிட்டது.

மறைவுக்குப் பிறகு நீல நேரம் இருபது நிமிடம். ஆறு ஸ்டாப் என்டி இங்கேதான் பயன்பட்டது. ரோ-ரோவின் விளக்குகள் கோடாக வந்தன. ஒரு படத்துக்கு மேல் வேண்டியிருக்கவில்லை.

உப்பைக் கழுவுவது

அறைக்குத் திரும்பியதும் தூங்கும் முன் செய்தாக வேண்டிய வேலை. ஃபில்டர்களைக் குழாய்த் தண்ணீரில், ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் திரவத்தோடு கழுவிக் காயவைக்க வேண்டும். உலர்ந்த துணியால் துடைத்தால் உப்புப் பொடி கண்ணாடியைக் கீறும். கேமரா, லென்ஸ் வெளிப்புறத்தை நல்ல தண்ணீரில் நனைத்து இறுகப் பிழிந்த துண்டால் ஒருமுறை, உலர் துண்டால் ஒருமுறை. ட்ரைபாட் கால்களை முழுதாக நீட்டி, பூட்டுகளைத் தளர்த்தி, ஷவரில் காட்டி, தலைகீழாக நிறுத்த வேண்டும். இதை ஒருமுறை தள்ளிப்போட்டால் பூட்டுக்குள் மணலும் உப்பும் சேர்ந்து கறகறவென்று அரைக்கும், அலுமினியம் வெள்ளையாகப் பொரியும். வீட்டுக்கு வந்ததும் காற்றுப்புகா டப்பாவில் அரைக் கிலோ சிலிக்கா ஜெல்லோடு வைத்து, ஈரமானியில் 45 முதல் 50 சதவீதம் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். அறுபதைத் தாண்டிக் கிடந்தால் லென்ஸில் பூஞ்சை வரும். ஜெல் நிறம் மாறினால் 110, 120 டிகிரியில் இரண்டு மணி நேரம் ஓவனில் வைத்தால் பழைய நிறத்துக்கு வரும்.

செலவு

படகுப் பயணங்கள் மொத்தமாக ஐம்பது ரூபாய்க்குள். ஆட்டோ நானூறு. வலைக்காரர்களுக்கு முந்நூறு. சாப்பாடு, டீ, எலுமிச்சைச் சோடா நானூற்றைம்பது. சிலிக்கா ஜெல், ஜிப் கவர், ஈரமானி சேர்த்து எழுநூறு. அது அடுத்தடுத்த பயணங்களுக்கும் ஆகும். தங்கும் செலவு அவரவர் வசதி.

அடுத்த முறை

ட்ரைபாடுக்குப் பதில் ஒற்றைக்கால் மோனோபாட். நாளில் ட்ரைபாட் தேவைப்பட்டது மொத்தம் ஒரு மணி நேரம்தான். இரண்டு ஜூமுக்குப் பதில் 18-135 ஒன்றே. உப்புக் காற்றில் லென்ஸ் மாற்றியதில் சென்சாரில் விழுந்த தூசி வானத்தில் புள்ளி புள்ளியாக வந்தது, அதை அழிக்கவே ஒரு மாலை ஆனது. தோபி கானாவுக்குப் பகலில் போவதோடு காலை ஏழு மணிக்கும் ஒருமுறை; ரோ-ரோவை மறுநாள் காலைக்குத் தள்ளிவிடலாம். மாலையில் நடைபாதைக்குப் பதில் வைப்பின் கரையிலிருந்து 300 மி.மீ.யில் முயன்று பார்க்க வேண்டும். அங்கிருந்து சூரியன் வலைக்குப் பின்னால் வராது, ஆனால் மறைந்த பிறகு ஃபோர்ட் கொச்சியின் விளக்குகள் பின்னணியில் வரும்.